கணினி விளையாட்டு: பாடத்திட்டம் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கம் ஒன்றில், சிங்கப்பூரில் கணினி விளையாட்டு உருவாக்கம் கற்பிக்கும் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆற்றிய உரை)



'இளையரும் கணினி விளையாட்டும்' என்ற பொருளில் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பொருளில் பேசுபவர்கள், பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடுகிறார்கள், கண் என்னவாகும், படிப்பு என்னவாகும் என்றுதான் பெரும்பாலும் பேசுவார்கள். தேவையான பேச்சுதான். ஆனால் என் வேலை வேறு. பிள்ளைகள் விளையாடும் அந்த விளையாட்டை எங்கோ ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார் அல்லவா? அப்படிச் செய்வதற்குக் கற்றுக்கொடுப்பவன் நான். எனவே அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவருடைய தந்தை தொலைபேசியில் அழைத்தார். டாக்சி ஓட்டுநர். "சார், தப்பா நினைக்காதீங்க. விளையாட்டுக்கு ஒரு டிகிரியா? சொந்தக்காரங்க கேட்டா என்னான்னு சொல்றது? இவன் படிச்சு முடிச்சா யார் சார் வேலை கொடுப்பா?" என்றார். நான் கல்லூரிக் கையேட்டில் இருக்கும் பதிலைச் சொன்னேன். பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2008ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் கூடம் திறந்துவிட்டது, ஜப்பானிய நிறுவனங்களும் வந்திருக்கின்றன, வாய்ப்பு இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார். அந்தக் கம்பெனி மூடிட்டா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில், இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்கூட்டியே எடுத்து வைத்தவை. கணினி விளையாட்டில் ஒரு வினாடிக்கு 60 படங்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றுகூட முன்கூட்டித் தயாராக இருக்காது. விளையாடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பார்த்து, பந்து எங்கே போனது, சுவரில் பட்டதா என்று கணக்கிட்டு, அதன்பின் படத்தை வரைந்து முடிக்க வேண்டும். இத்தனைக்கும் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கு. இதற்குக் கணிதம் வேண்டும், இயற்பியல் வேண்டும், கணினியின் உள்ளே நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓவியமும் இசையும் கதையும் வேறு இருக்கின்றன. விளையாடிக்கொண்டே பட்டம் வாங்கிவிடலாம் என்று நினைத்து வருபவர்கள் முதல் பருவத்திலேயே வேறு துறைக்கு மாறிப் போவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஆனால் முதல் வகுப்பில் நான் கணினியைத் திறக்க விடுவதில்லை. ஒரு தாளில் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை வரைந்து, மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் கொடுத்து விளையாடச் சொல்கிறேன். என் வகுப்பில் பெரும்பாலோர் சீன மாணவர்கள், மலாய் மாணவர்கள். அவர்களுக்கு இது புதிது. புலி தாண்டினால் ஆடு போயிற்று, ஆடுகள் சூழ்ந்துகொண்டால் புலி முடங்கிப்போயிற்று. இரண்டு தரப்புக்கும் வேறு வேறு பலம். அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். பிறகு ஆடுகளைப் பன்னிரண்டாகக் குறைத்துப் பாருங்கள், புலியை நான்காக்கிப் பாருங்கள் என்பேன். ஆட்டம் குலைந்துபோகும். ஒரு பக்கம் எப்போதும் தோற்கும். பதினைந்து என்ற அந்த எண்ணுக்கு வருவதற்குள் நம் முன்னோர்கள் எத்தனை முறை ஆடிப் பார்த்து மாற்றியிருப்பார்கள் என்று அப்போது தோன்றும். ஒருமுறை ஒரு மலாய் மாணவி, "எங்கள் பாட்டி வீட்டில் சொங்காக் இருக்கிறது, அதையும் இப்படி மாற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். சொங்காக்கும் நம் பல்லாங்குழியும் ஒரே குடும்பம். அன்று வகுப்பு முடிய வெகுநேரம் ஆயிற்று.

இதெல்லாம் நான் இப்போது செய்வது. தொடக்கத்தில் நான் நல்ல ஆசிரியனாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பருவம் 13 வாரம். தொடக்க ஆண்டுகளில் மாணவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்து, 13 வாரத்தில் ஒரு பெரிய விளையாட்டைச் செய்யுங்கள் என்று விட்டுவிடுவேன். கனவுகள் பெரியவை. நகரம் முழுவதும் சுற்றலாம், டிராகன் மேல் பறக்கலாம் என்று பத்துப் பக்கம் எழுதிக் கொண்டுவருவார்கள். பதின்மூன்றாவது வாரத்தில் திரையில் அழகான முகப்புப் படம் வரும், இசை வரும், 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் எல்லாம் நின்றுபோகும். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள். குழுவில் இருவர் இரவு பகலாக உழைத்திருப்பார்கள். மற்ற நால்வருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நான் அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு நான்கு பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். ஒரு பருவம் முழுவதும், ஆளுக்கு ஒன்றாக, ஒவ்வொரு விளையாட்டையும் ஏழே நாளில் தனியாகச் செய்து முடிப்பது. புவியீர்ப்பு போல ஏதாவது ஒரு சொல்தான் கருப்பொருள். ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டுகள் பிறந்தன. பெரும்பாலானவை மறந்துபோயின. அவற்றுள் ஒன்று, கொழகொழப்பான உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கோபுரம் கட்டும் விளையாட்டு. அதுதான் பின்னர் 2008ஆம் ஆண்டு 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்ற பெயரில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. இதைப் படித்த பிறகு நான் பாடத்தையே திருப்பிப் போட்டேன். முதல் ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு விளையாட்டு, தனியாக. அழகாக இருக்க வேண்டியதில்லை. சதுரமும் வட்டமும் போதும். ஆனால் முடிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வேறு யாராவது அதை விளையாட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலைக்காக ஓர் அறை தேவைப்பட்டது. பயன்படாமல் கிடந்த ஒரு சேமிப்பறையைக் கேட்டு வாங்கினோம். பழைய கணினிகள் சில, ஒரு நீள மேசை, யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த சோபா. அவ்வளவுதான். ஆனால் நான் வகுப்பில் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தும் ஏறாதது அந்த அறையில் ஒரு மாலையில் ஏறியது.

ஏன் என்று சொல்கிறேன். அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். உன் விளையாட்டை மற்றவர் விளையாடும்போது நீ வாய் திறக்கக் கூடாது. ஒருநாள் தமிழ் மாணவர் ஒருவர் தம் பாட்டியை அழைத்து வந்தார். பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கட்டுப்பாட்டுக் கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒரு கதவு, பக்கத்தில் ஒரு சாவி. சாவியை எடுத்தால் கதவு திறக்கும். பாட்டி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் தவித்துப்போனார். சொல்லவும் முடியாது. ஆறு, ஏழு நிமிடம் ஆயிற்று. கடைசியில் பாட்டி, "ஏன்யா, யாரும் உள்ள இல்லையா? தட்டிப் பாத்தா தொறக்க மாட்டாங்களா?" என்றார். அறையே சிரித்தது. பேரன் சிரிக்கவில்லை. மறுவாரம் அந்தக் கதவைத் தட்டும்படி மாற்றிக்கொண்டு வந்தார். அதுவரை அவர் செய்தது புதிர். அதன் பிறகுதான் அது ஒரு வீடாயிற்று. இதை நான் எந்தப் பாடநூலை வைத்து அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியும்?

சிங்கப்பூரில் நமக்கு எதையும் பாடத்திட்டமாக்கத் தெரியும். அதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தால், பாடத்திட்டம் வருவதற்கு முன்னாலேயே ஓர் அறை இருந்திருக்கிறது. இதற்கு நல்ல சான்று ஸ்காட்லாந்தில் உள்ள டண்டீ என்ற ஊர். சிறிய ஊர். ஒரு காலத்தில் சணல் ஆலைகளுக்குப் பெயர் போனது. ஆலைகள் நலிந்துபோயின. 1982 முதல் அங்கிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற மலிவு விலைக் கணினி தயாரானது. அந்த ஊர்ப் பையன்களுக்குக் கணினிமேல் பித்து பிடித்தது. உள்ளூர்த் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினி ஆர்வலர் மன்றம் ஒன்று கூடும். அதில் சந்தித்துக்கொண்ட நான்கு இளைஞர்கள்தான் பின்னாளில் டிஎம்ஏ டிசைன் என்ற நிறுவனமானார்கள். அவர்களில் டேவிட் ஜோன்ஸ் டைமெக்ஸில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர். வேலையை விட்டபோது கிடைத்த தொகையில் ஓர் அமிகா கணினி வாங்கினார்.

1989ஆம் ஆண்டு ஒருநாள் மதிய உணவு வேளையில், அவர்களில் ஒருவரான மைக் டெய்லி, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டத்துக்குள் ஒரு மனிதனை நடக்க வைக்க முடியும் என்று காட்டுவதற்காக ஒரு சிறு அசைபடம் செய்தார். குட்டி மனிதர்கள் வரிசையாக மேடேறிப்போய் அடிபட்டுச் சாகிறார்கள். வெறும் வேடிக்கை. எல்லாரும் சிரித்தார்கள். ரஸ்ஸல் கே என்ற மற்றொரு நண்பர், இதில் ஒரு விளையாட்டு இருக்கிறதே என்றார். அதுதான் 1991ஆம் ஆண்டு வெளிவந்த 'லெம்மிங்ஸ்'. என் வயதுடைய நேயர்கள் பலர் அதை விளையாடியிருப்பீர்கள். அதே நிறுவனம்தான் 1997ஆம் ஆண்டு 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வையும் செய்தது. அதைப் பற்றிப் பெற்றோர்களுக்கு நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை!

கவனியுங்கள். அந்த அசைபடத்தைச் செய்தவர் ஒருவர். அதில் விளையாட்டைக் கண்டவர் வேறொருவர். இருவரும் ஒரே இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்காவிட்டால் லெம்மிங்ஸ் இல்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் பல்கலைக்கழகம் வருகிறது. அவ்வூரின் அபர்ட்டே பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டு கணினி விளையாட்டுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. உலகிலேயே இதுதான் முதல் என்று அது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் பட்டத்தோடு அது நின்றுவிடவில்லை. கோடை விடுமுறையில் மாணவர் குழுக்கள் ஒரு விளையாட்டைச் செய்து, ஊர்மக்கள் முன்னால் வைத்து, அவர்கள் விளையாடுவதைப் பார்க்கும் ஒரு போட்டியையும் நடத்தியது. நம் பாட்டி கதவைத் தட்டிய கதைதான், பெரிய அளவில்.

இனி அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு வருகிறேன். டண்டீயில் கம்பெனி மூடவில்லையா? மூடியது. டைமெக்ஸ் தொழிற்சாலை 1993ஆம் ஆண்டு, கசப்பான வேலைநிறுத்தம் ஒன்றுக்குப் பிறகு மூடப்பட்டது. டிஎம்ஏ டிசைன் கை மாறிக் கை மாறி எடின்பரோவுக்குப் போய்விட்டது. டேவிட் ஜோன்ஸ் மறுபடியும் டண்டீயில் தொடங்கிய ரியல்டைம் வேர்ல்ட்ஸ் நிறுவனம், பல ஆண்டு உழைத்து வெளியிட்ட ஒரு பெரிய விளையாட்டு எடுபடாமல் போக, இரண்டு மாதத்துக்குள்ளாகவே 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நொடித்துப்போனது. அந்தச் சிறிய ஊரில் அது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பாருங்கள். ஆனாலும் அத்தொழில் டண்டீயைவிட்டுப் போகவில்லை. வேலை இழந்தவர்களில் சிலர் நான்கைந்து பேராகச் சேர்ந்து சிறு நிறுவனங்கள் தொடங்கினார்கள். படித்து வெளியே வரும் மாணவர்கள் அவற்றில் சேர்ந்தார்கள். கம்பெனிகள் வந்தன, போயின. மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்.

நம் ஊரிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2006ஆம் ஆண்டு நம் ஊடக மேம்பாட்டு ஆணையமும் அமெரிக்காவின் எம்ஐடி கழகமும் சேர்ந்து 'கேம்பிட்' என்ற விளையாட்டு ஆய்வகத்தை அறிவித்தன. இங்குள்ள பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஆகியவற்றின் மாணவர்கள் கோடையில் எம்ஐடிக்குப் போய், சிறு சிறு குழுக்களாக, சில வாரங்களில் ஆளுக்கொரு விளையாட்டைச் செய்து முடித்துத் திரும்புவார்கள். நிரலெழுதுபவர், ஓவியர், இசை அமைப்பவர், சோதித்துப் பார்ப்பவர் என எல்லாரும் ஒரே மேசையில். ஒவ்வொரு விளையாட்டுக்கும் பின்னால் ஓர் ஆய்வுக் கேள்வி இருக்கும். மனச்சோர்வு எப்படிப்பட்டது என்பதை நோயாளியின் குடும்பத்தார் உணர்ந்துகொள்வதற்காகவே 'எலூட்' என்றொரு விளையாட்டை 2010ஆம் ஆண்டு செய்தார்கள். சிங்கப்பூரில் இருந்த ஆய்வகத்தில் உருவான 'கார்னிவேல் ஷோடைம்', ஒரு சர்க்கஸ் பொம்மையைத் தூக்கித் தூக்கி எறிந்து மேலே கொண்டுபோகும் விளையாட்டு. 2008ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நடத்திய உலகளாவிய போட்டியில் அது முதல் பரிசு வென்றது.

2012ஆம் ஆண்டு அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. திட்டம் என்றால் முடிவு தேதி உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒன்றாக உட்கார்ந்தவர்கள் இன்றும் ஒருவர் இன்னொருவருக்கு வேலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் விளையாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலரை என் மாணவர்களோடு பேச அழைத்திருக்கிறேன். ஆய்வகம் எழுதிய அறிக்கைகளை யாரும் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த மேசையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள்.

மூடிப்போவது கம்பெனி மட்டுமல்ல, கருவிகளும்தான். அந்தப் பரிசு பெற்ற விளையாட்டு மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்என்ஏ என்ற கருவியால் செய்யப்பட்டது. நானும் பல ஆண்டு அதையே கற்பித்தேன். அந்நிறுவனம் அதைக் கைவிட்டுவிட்டது. ஃபிளாஷ் 2020ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. எங்களில் பலர் யூனிட்டிக்கு மாறியிருந்தோம். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில், விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கப்போவதாக யூனிட்டி அறிவித்தது. பருவம் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அன்று இரவு என் மாணவர்கள் யாரும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். ஓராண்டு கழித்து யூனிட்டி அந்தக் கட்டணத்தை முற்றாக விலக்கிக்கொண்டது. ஆனால் அதற்குள் என் மாணவர்களில் மூவர் கோடோ என்ற கருவியைக் கற்று, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோடோ அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் தொடங்கி, 2014ஆம் ஆண்டு மூல நிரலோடு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. எனக்கே அதைக் கற்பித்தவர்கள் அந்த மூவர்தான். அதற்கு நான் பாடத்திட்டக் குழுவுக்கு மனு எழுதியிருந்தால் அனுமதி வருவதற்குள் அவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள்.

இப்படியெல்லாம் சொல்வதால் அந்த அறை ஏதோ சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

எங்கள் வகுப்பில் ஒரு தமிழ் மாணவி இருந்தார். வகுப்பில் முதன்மையானவர். அறைக்கு மட்டும் வரமாட்டார். ஆர்வமில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கடைசிப் பருவத்தில் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சார், அங்க எல்லாரும் சேர்றதே ராத்திரி பத்து மணிக்கு மேலதான். கடைசி ரயில்ல போனாலே அம்மா வாசல்ல நிப்பாங்க. ஒருதடவை வந்தேன். பதினஞ்சு பசங்க, நான் ஒருத்தி. உக்கார இடம் காட்டக்கூட யாரும் இல்ல." நான் தலைகுனிந்துகொண்டேன். அறையைத் திறந்து வைத்தது நான்தான். யாருக்குத் திறந்து வைத்தேன் என்று பார்க்கவில்லை. நாலு வருடம் அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போயிற்று. படிப்பு முடிந்து அவர் வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அது நல்ல வேலைதான். ஆனால் அவர் விரும்பித்தான் போனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் துணிச்சல் வரவில்லை.

அதன் பிறகு கூடும் நேரத்தை சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றினோம். புதிதாக வருபவரை வாசலில் வரவேற்று உட்கார வைப்பதற்கு ஒவ்வொரு வாரமும் ஒருவரை நியமித்தோம். ஏதோ கல்யாண வீடு மாதிரி இருக்கிறதே என்று ஒரு மாணவர் கேலி செய்தார். கல்யாண வீட்டில் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு வாசலில் ஆள் நிற்பது காரணத்தோடுதான். வேறு பல்கலைக்கழக மாணவர்கள், தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்கள், தேசிய சேவையில் இருக்கும் பையன்கள் என எல்லாரையும் வரச் சொன்னோம். விடிய விடிய விழித்து வேலை செய்வதைப் பெருமையாகப் பேசுவதையும் நிறுத்தினோம். அந்தப் பழக்கம் இந்தத் தொழிலைப் பிடித்த நோய். அதைக் கல்லூரியிலேயே தொற்ற வைக்க வேண்டாம்.

பிறகு ஒருநாள் அறையே போய்விட்டது. இடப்பற்றாக்குறை, வேறு பயன்பாடு என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மாணவர், எத்தனை மணி நேரம் என்று கணக்குக் கேட்டார்கள். என்னிடம் அந்தக் கணக்கு இல்லை. கதவைத் தட்டிய பாட்டியை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? இணையத்தில் டிஸ்கார்டில் கூடுகிறோமே, அது போதாதா என்று கேட்டார்கள். மாணவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஏற்கனவே பழகியவர்களுக்கு அது போதுமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு முதலாண்டு மாணவர்களில் இரண்டே பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அறை இருந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். திரையில் நூறு பெயர் ஓடும் இடத்தில், "என்னுடையது சரியாக ஓடவில்லை, பார்க்கிறீர்களா?" என்று முதல் ஆளாகக் கேட்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கூச்சம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்பது எளிது.

ஒரு பருவம் முழுதும் உணவங்காடி நிலையத்தில் மடிக்கணினிகளை வைத்துக்கொண்டு கூடினோம். தேநீர்க் கடை அண்ணன் எங்கள் விளையாட்டுகளை விளையாடிப் பார்த்து, எல்லாமே கஷ்டமாக இருக்கிறது என்று முறைப்பாடு சொல்வார். அவர் சொன்னதில் பாதியை நாங்கள் திருத்திக்கொண்டோம். அடுத்த ஆண்டு, வேறொரு துறையினர் தங்கள் ஆய்வகத்தைச் சனிக்கிழமைகளில் விட்டுக்கொடுத்தார்கள். இப்போது அங்கேதான் இருக்கிறோம். ஆண்டுக்கு ஆண்டு அனுமதி கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்த டாக்சி ஓட்டுநரின் மகனைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அவர் படிப்பை முடித்து ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். 2023ஆம் ஆண்டும் 2024ஆம் ஆண்டும் உலகெங்கும் விளையாட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தன. கிருமித்தொற்றுக் காலத்தில் வீட்டில் முடங்கியவர்கள் அதிகம் விளையாடினார்கள் என்று ஏராளமாக ஆள் எடுத்தவர்கள், வளர்ச்சி தணிந்ததும் வெட்டினார்கள். வட்டி வீதம் ஏறியதும் முதலீடு சுருங்கியது. இவர் வேலையும் போயிற்று. அவர் தந்தை கேட்டது அப்படியே நடந்தது.

எனக்குச் செய்தி தெரிந்தது ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் அறையில் அவரோடு உட்கார்ந்த நண்பர்கள் மூன்று இடங்களில் அவர் பெயரைச் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மருத்துவமனைத் தாதியர் பயிற்சிக்கான மெய்நிகர்க் காட்சிகள் செய்யும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவை நடத்துபவர் அவருக்கு நான்கு ஆண்டு மூத்த மாணவர். சம்பளம் முன்பைவிடக் குறைவு. இது விளையாட்டுத் துறையா என்று கேட்டால், ஆம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. நான் எதையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. வேலை இழந்த என் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. இருவர் துறையையே விட்டுவிட்டார்கள்.

இவர் சனிக்கிழமைகளில் அறைக்கு வந்து, முதலாண்டு மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். இப்போதெல்லாம் மாணவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நிரல் எழுதிவிடுகிறார்கள். ஓடுகிறது, ஆனால் ஏன் ஓடுகிறது என்று தெரிவதில்லை. அவர் ஒவ்வொரு வரியாகக் காட்டி, "இது எதுக்கு? இத எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்கிறார். நான் கேட்டால் தேர்வு என்று பயப்படுகிறார்கள். அவர் கேட்டால் சொல்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இந்தப் படிப்பில் சேர விரும்பினால், பல்கலைக்கழகத்தின் திறந்தநாளில் எத்தனை விழுக்காட்டினருக்கு வேலை கிடைக்கிறது என்று கேளுங்கள், தவறில்லை. அதோடு இதையும் கேளுங்கள்: வகுப்பு முடிந்த பிறகு இவர்கள் எங்கே உட்காருவார்கள்? அங்கே யார் வருவார்கள்? படித்து முடித்துப் போனவர்கள் திரும்பி வருகிறார்களா? பதில் சொல்பவர் விழித்தால் கொஞ்சம் யோசியுங்கள். அவர் என் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இறுதியில் உலகெங்கும் பல நூறு இடங்களில் ஒரே சமயத்தில் விளையாட்டு செய்யும் 'குளோபல் கேம் ஜாம்' நடக்கிறது. 2009ஆம் ஆண்டு 23 நாடுகளில் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே கருப்பொருள். நாங்களும் அதில் கலந்துகொள்கிறோம். தூங்குவதற்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அது எங்கள் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வைப்போம். விளையாடிப் பார்ப்பதற்கு ஆட்கள் தேவை. கணினி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரியாதவர்கள் வந்தால் எங்களுக்கு இன்னும் நல்லது. வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.